ஐஸ் எடுக்காமல் போன வள்ளம்: ஒற்றை விற்பனையாளரின் விலை யாரிடமிருந்து எதை எடுக்கிறது?

முட்டத்துக்கும் குளச்சலுக்கும் இடையில் ஒரு கடற்கரை ஊர். விடிய இன்னும் நேரம் இருந்தது. வள்ளங்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு பெரியவர் மட்டும் தன் ஐஸ் பெட்டியை மணலில் கவிழ்த்து வைத்துவிட்டு வலையை ஏற்றினார்.

"ஐஸ் எடுக்கல்லியா மாமா?"

"இல்ல மக்களே. இந்த வெலைக்கு எடுத்தா நமக்கு ஒண்ணும் மிஞ்சாது. கிட்டத்திலயே போயிட்டு வெயில் ஏறுமுன்ன வந்திரலாம்."

ஐஸ் இல்லாமல் தூரக் கடலுக்குப் போனால், திரும்பி வருவதற்குள் மீன் கெட்டுவிடும். அதனால் ஐஸ் எடுக்காத வள்ளம் கரையை ஒட்டியே சுற்றும், கிடைத்ததைக் கொண்டு வரும். அந்தக் கரைக்கு ஐஸ் கொடுப்பது ஒரே ஒரு கம்பெனிதான். அடுத்த ஊரிலிருந்து வண்டி வைத்துக் கொண்டுவரலாம். ஆனால் வண்டி வாடகையையும் வழியில் உருகுவதையும் சேர்த்தால் கணக்கு அதே இடத்துக்கு வந்து நிற்கும்.

இப்படி ஒரே விற்பனையாளர் மட்டும் இருக்கும் ஏகபோகம் என்றதும் நமக்கு முதலில் தோன்றுவது, அதிக விலை கொடுத்து வாங்கியவரின் வயிற்றெரிச்சல். அது நியாயமான வயிற்றெரிச்சல்தான். ஆனால் சமூகத்துக்கு வரும் நட்டத்தை அளக்க வேண்டுமென்றால் பார்க்க வேண்டியது வேறு ஒருவரை. அதிக விலை கொடுத்தவரின் பணம் எங்கும் தொலைந்துபோகவில்லை. அவர் பையிலிருந்து விற்றவர் பைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாரே, அவருக்கு வராமல் போன பயன் யார் பையிலும் சேரவில்லை. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அது ஏறுவதில்லை. ஏகபோக விலையைப் பற்றிய பாடத்தின் மையம் அந்தப் பெட்டிதான் என்பது என் எண்ணம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எளிமைக்காக நான் வைத்துக்கொண்டவை. கரையில் பத்து வள்ளங்கள். ஒரு முறை கடலுக்குப் போக வேண்டிய ஐஸுக்கு ஒவ்வொருவரும் அதிகபட்சம் கொடுக்கத் தயாராக இருக்கும் தொகை வேறு வேறு. பெரிய என்ஜின் வைத்துத் தூரம் போகிறவருக்கு அது 1000 ரூபாய் பெறும். அடுத்தவருக்கு 900, அதற்கடுத்தவருக்கு 800 என்று இறங்கி, பத்தாவது ஆளுக்கு 100 ரூபாய். ஒரு வள்ளத்துக்கான ஐஸைத் தயாரித்துக் கொடுக்கக் கம்பெனிக்கு ஆகும் செலவு 150.

பல கம்பெனிகள் போட்டி போட்டு விலை செலவு அளவுக்கே இறங்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். 150 ரூபாய்க்கு ஒன்பது வள்ளங்கள் வாங்கும். 1000 பெறும் பொருளை 150-க்கு வாங்கியவருக்கு 850 ரூபாய் ஆதாயம், 900 பெறுகிறவருக்கு 750 என்று கூட்டிக்கொண்டே போனால் ஒன்பது பேருக்கும் சேர்த்து 4050 வரும். இதைத்தான் நுகர்வோர் உபரி என்று பாடப்புத்தகம் சொல்கிறது.

இப்போது ஒரே கம்பெனி, எல்லோருக்கும் ஒரே விலை. எந்த விலையில் அதற்கு லாபம் அதிகம்? ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், 600 ரூபாய் என்று வரும். ஐந்து வள்ளங்கள் வாங்கும், ஒவ்வொன்றிலும் 450 வீதம் 2250 லாபம். வாங்கிய ஐவருக்கும் மிஞ்சும் ஆதாயம் 1000. இரண்டையும் கூட்டினால் 3250. முன்பு 4050 இருந்ததே, மீதி 800 எங்கே? 500, 400, 300, 200 கொடுக்கத் தயாராக இருந்த நான்கு பேர் திரும்பிப் போய்விட்டார்கள். அவர்களுக்கு ஐஸ் கொடுக்க ஆகும் செலவைவிட அவர்களுக்கு அதனால் வரும் பயன் அதிகம். இருந்தும் அந்த ஐஸ் உறையவே இல்லை.

சரி, கம்பெனிக்காரர் விலையை 500 ஆக்கினால் ஆறாவது ஆளும் வாங்குவாரே, செலவு போக 350 கூடுதலாகக் கிடைக்குமே, ஏன் செய்வதில்லை? ஏனென்றால் ஏற்கெனவே 600 கொடுக்கும் ஐந்து பேருக்கும் ஆளுக்கு 100 குறைக்க வேண்டும். 350 வரும், 500 போகும். இந்த ஒரு வரிதான் ஏகபோக விலையின் முழு இயக்கமும். இறுதிநிலை வருவாய் (கூடுதலாக ஒன்று விற்பதால் வருவது), இறுதிநிலைச் செலவு (அந்த ஒன்றுக்கு ஆவது) என்று வகுப்பில் வரையும் கோடுகள் சொல்வது இதைத்தான். கம்பெனிக்காரர் கெட்டவராக இருக்கத் தேவையில்லை. அவர் இடத்தில் கூட்டிக் கழிக்கத் தெரிந்த யார் உட்கார்ந்தாலும் இந்த விலைக்குத்தான் வருவார்கள். அதனால்தான் "மனசாட்சி இல்லையா" என்று கேட்பதால் இதற்குத் தீர்வு வருவதில்லை.

இந்தக் கணக்கை முதலில் ஒழுங்காக எழுதியவர் பிரெஞ்சுக்காரரான கூர்னோ, 1838-ல். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் ஒரு தாது ஊற்று. ஊற்றுக்கு ஒரே சொந்தக்காரர் இருந்தால் என்ன விலை, பக்கத்திலேயே இன்னொருவரின் ஊற்று இருந்தால் என்ன விலை என்று போட்டுப் பார்த்தார். இரண்டாவது ஊற்று வந்ததும் விலை இறங்குகிறது, ஆனால் செலவு மட்டம் வரைக்கும் இறங்குவதில்லை. இருவரும் கூடிப் பேசிக்கொண்டால் பழைய விலையே திரும்பி வந்துவிடும். வேறு கரைகளில் இரண்டாவது ஐஸ் கம்பெனி வந்தும் விலை அப்படியே நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். விலை ஏறியதெல்லாம் ஏகபோகம் ஆகாது. தோவாளைப் பூச்சந்தையில் ஓணத்துக்கு முன்னால் பிச்சியும் மல்லியும் விற்கும் விலையைக் கேட்டால் தலை சுற்றும். முகூர்த்த நாளிலும் அப்படித்தான். ஆனால் அங்கே விற்பவர் பலர், வாங்குபவர் பலர், கேரள வியாபாரிகளும் வந்து நிற்பார்கள். காலையில் ஒரு விலை, வரத்து கூடினால் சற்று நேரத்தில் வேறு விலை. பூ குறைவு, கேட்பவர் அதிகம் என்பதால் ஏறும் விலை அது. யாரும் பூவை ஒளித்துவைத்து ஏற்றியது இல்லை. அந்த விலையைப் பார்த்து அடுத்த முறை இன்னும் இரண்டு சென்ட் கூடுதலாகப் பூ போடுகிறவர் இருப்பார். ஏகபோகத்தில் இந்தக் கடைசிப் படிதான் அடைபட்டிருக்கிறது. விலை ஏறியும் புதிதாக ஒருவர் உள்ளே வர முடியாது.

ஏன் வர முடியாது என்பதில்தான் நல்ல ஏகபோகமா கெட்ட ஏகபோகமா என்ற கேள்வி பிறக்கிறது. கன்னியாகுமரிக் கரையில் நின்று விவேகானந்தர் பாறையைப் பாருங்கள். 1970-ல் நினைவு மண்டபம் திறந்தது. 2000 ஜனவரி 1-ல் பக்கத்துப் பாறையில் 133 அடி வள்ளுவர் சிலை. 2024 டிசம்பர் 30-ல் இரண்டையும் இணைத்துக் கண்ணாடிப் பாலம். பாலம் பாறைக்கும் பாறைக்கும் நடுவில்தான். கரையிலிருந்து போக இன்னமும் படகுதான் வேண்டும். அதை ஓட்டுவது தமிழக அரசின் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம். படகுத் துறை, படகு, பயிற்சி பெற்ற ஆட்கள், உயிர்காப்பு ஏற்பாடு என்று ஒரு முறை போட வேண்டிய முதல் மிகப் பெரிது. அதைப் போட்டபின் கூடுதலாக ஒரு பயணியை ஏற்றிச் செல்ல ஆகும் செலவு மிகக் குறைவு. இந்த மாதிரி இடத்தில் நான்கு பேர் நான்கு துறை கட்டினால் செலவுதான் நான்கு மடங்காகும். மின்கம்பி, குடிநீர்க் குழாய் எல்லாம் இதே இனம். இயற்கை ஏகபோகம் என்பார்கள். ஒருவரே நடத்துவது இங்கே சிக்கனம். விலையை மட்டும் அவர் இஷ்டத்துக்கு விட்டுவிடக் கூடாது. மின் கட்டணத்தை ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிப்பதும், இப்படிப்பட்ட சேவைகளை அரசே நடத்துவதும் அதற்காகத்தான்.

விலை என்ன வைப்பது என்பது அப்போதும் லேசான கேள்வி இல்லை. கூடுதல் பயணிக்கு ஆகும் செலவை மட்டும் வாங்கினால் துறையும் படகும் போட்ட முதல் எடுபடாது. முதலும் சேர்ந்து வரும்படி வைத்தால் சிலர் கரையிலேயே நின்றுவிடுவார்கள். பிரான்சில் சாலையும் பாலமும் கட்டும் பொறியாளராக இருந்த தூய்ப்பூயி 1844-ல் இதைத்தான் யோசித்தார். ஒரு பாலத்தின் மதிப்பை அதில் வசூலான சுங்கத்தை வைத்து அளக்க முடியாது, சுங்கத்துக்குப் பயந்து கடக்காமல் போனவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றார். கன்னியாகுமரிப் படகுக்கு அதைப் பொருத்தினால் எனக்குத் தோன்றுவது இது: விடுமுறை நாளில் வரிசை நீண்டு நிற்கும்போது கட்டணம் கொஞ்சம் கூடுதலாக இருப்பதால் பெரிய நட்டமில்லை, இருக்கைகள் எப்படியும் நிரம்பிவிடும். கூட்டமில்லாத நாளில் இருக்கை காலியாகப் படகு போக, காசு பார்த்துக் கரையில் ஒரு குடும்பம் நின்றால் அதுதான் முழு நட்டம்.

அதே துறையில் சாதாரணச் சீட்டு ஒரு விலை, வரிசையில் காத்திருக்காமல் போகும் சிறப்புச் சீட்டு அதைவிடப் பல மடங்கு. நேரம் இல்லாதவர், வசதி உள்ளவர் எல்லாம் தாமாகவே கூடிய விலைக்குப் போய்விடுகிறார்கள். ஆளுக்கேற்ற விலை வைப்பதில் இது ஒரு வகை. இதைக் கேட்டதும் பலருக்குக் கோபம் வரும். ஆனால் நம் ஐஸ் கணக்கை எடுத்துப் பாருங்கள். கம்பெனிக்காரர் 1000 பெறுகிறவரிடம் 1000, 200 பெறுகிறவரிடம் 200 என்று வாங்க முடிந்தால் ஒன்பது வள்ளமும் ஐஸ் எடுக்கும். அந்த 800 ரூபாய் வீணாவது நின்றுவிடும். ஆனால் மொத்த 4050-ம் அவர் ஒருவருக்கே போய்விடும். வீணாவது வேறு, பங்கு பிரிப்பது வேறு என்பது இங்கே நன்றாகத் தெரிகிறது. வீணாகவில்லை என்பதற்காக நியாயம் என்று ஆகிவிடாது. அரசு நடத்தும் படகில் சிறப்புச் சீட்டில் வரும் கூடுதல் வசூல் சாதாரணச் சீட்டின் விலையைத் தாழ்வாக வைக்க உதவுமானால் நான் அதை ஏற்பேன்.

இதுவரை பார்த்தது ஒரே விற்பனையாளர். எங்கள் மாவட்டத்தின் வரலாற்றில் அதைவிட ஆழமாகப் பதிந்திருப்பது இதன் மறுபக்கம், ஒரே வாங்குபவர். 1933-ல் பொருளியலாளர் ஜோன் ராபின்சன் இந்த நிலைக்குத் தனிப்பெயர் கொடுத்து ஆராய்ந்தார். அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நல்லமிளகு விளைவித்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது.

டச்சுக் கம்பெனி மலையாளக் கரையில் செய்தது மிளகு விற்பது மட்டுமில்லை. உள்ளூர் அரசர்களோடு ஒப்பந்தம் போட்டு, மிளகை எங்களுக்கு மட்டுமே கொடுக்க வேண்டும், அதுவும் நாங்கள் குறிக்கும் விலைக்கு என்று கட்டிப்போட்டது. திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா பக்கத்து நாடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டபோது அந்த ஒப்பந்தங்கள் ஆட்டம் கண்டன. குளச்சல் போருக்குப் பின்னால் இருந்த காரணங்களில் இது பெரியது. 1741 ஆகஸ்ட் 10-ல் டச்சுப் படை தோற்றது, அதன் தளபதி டிலனாய் பிடிபட்டார், வெற்றித்தூண் இன்றும் குளச்சலில் நிற்கிறது. பள்ளியில் படித்தபோது இதை வீரக் கதையாகத்தான் கேட்டேன். மிளகு விளைவித்தவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை அங்கே முடியவில்லை. டச்சுக்காரர் விட்ட இடத்தில் அரசே மிளகு வாங்கும் உரிமை முழுவதையும் எடுத்துக்கொண்டது. அந்தத் துறைக்கே முளகு மடிசீலை என்று பெயர். தலக்குளத்து வேலுத்தம்பி தளவாய் ஆவதற்கு முன்னால் வகித்த பதவி அதுதான்.

அந்த வருமானம் படைக்கும் கோட்டைக்கும் போனது, நாட்டைக் காத்தது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரே வாங்குபவரின் கணக்கு யார் கையில் இருந்தாலும் ஒன்றுதான். அவர் கூடுதலாக ஒரு துலாம் வாங்க வேண்டுமானால் எல்லாத் துலாமுக்கும் விலை ஏற்ற வேண்டும். அதனால் விலையைத் தாழ்த்தி, குறைவாக வாங்குவதே அவருக்கு லாபம். விற்பவர் பக்கத்தில் நடப்பது என்ன? கொடியைப் பராமரிப்பதில் அக்கறை குறையும், மிளகு மலை தாண்டிக் கள்ளத்தனமாக வேறு கைக்குப் போகும். இரண்டும் நடந்தன. 1860-ல் திவான் மாதவராவ் மிளகு ஏகபோகத்தை எடுத்துவிட்டு ஏற்றுமதி வரியாக மாற்றினார். புகையிலையில் இருந்த அரசு ஏகபோகமும் அதே பத்தாண்டில் போனது. ஏகபோகத்தால் வந்த வருமானத்தை வரியாலும் ஈட்டலாம், அதில் வணிகம் செத்துப்போவது குறைவு என்பதை அன்றே கண்டுகொண்ட நிர்வாகி அவர்.

மிளகில் போனது மீனில் ரொம்ப நாள் இருந்தது. கடற்கரை ஏலத்தில் பார்க்க நான்கைந்து பேர் நிற்பார்கள். ஆனால் வலைக்கும் என்ஜினுக்கும் முன்பணம் கொடுத்தவர் ஒருவர் இருந்தால், அவர் வழியாகத்தான் மீனை விற்க வேண்டும். சாளை எவ்வளவு பட்டாலும் கமிஷன் பிடித்தம் போகத்தான் கைக்கு வரும். கடனை அடைத்துவிடவும் விடமாட்டார்கள், ஏனென்றால் அவருக்கு வட்டியைவிட அந்த மீன் முக்கியம். வேறு ஆளிடம் விற்க முடியாத நிலையே ஒற்றை வாங்குபவரை உண்டாக்குகிறது. கரையில் எத்தனை வியாபாரி நின்றாலும் அது மாறாது.

இதை உடைத்தது சட்டமில்லை, சங்கம். 1980-ல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. ஊருக்கு ஒரு மீனவர் சங்கம், மாவட்டத்துக்கு ஒரு கூட்டமைப்பு, மேலே ஒரு தலைமை அமைப்பு என்ற அடுக்கில் கன்னியாகுமரி மாவட்டமும் சேர்ந்தது. சங்கம் கடன் கொடுத்தது, கரையில் முதல் விற்பனையைத் தன் கையில் எடுத்தது, சேமிப்பைப் பிடித்துவைத்தது. கடனையும் விற்பனையையும் ஒரே ஆளின் பிடியிலிருந்து மீட்டதுதான் இதில் சூட்சுமம். வெறும் ஏலத்தை மட்டும் நடத்தியிருந்தால் முன்பணக்காரர் ஜெயித்திருப்பார். ஒற்றை வாங்குபவர் இருக்கும் சந்தையில் குறைந்தபட்ச விலை ஒன்றை உறுதி செய்தால் விற்பனை குறையும் என்று பயப்பட வேண்டியதில்லை, அளவோடு வைத்தால் கூடவே செய்யும். போட்டிச் சந்தைக்குச் சொல்லும் பாடத்தை இங்கே அப்படியே ஒப்பிக்கக் கூடாது.

வாங்காமல் திரும்பிப் போவது உயிர்ப் பிரச்சினையாகிற இடம் மருந்து. எங்கள் பக்கத்தில் புற்றுநோய் என்றால் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குத்தான் வண்டி ஏறுவோம். சீட்டில் எழுதிய மருந்தின் விலையைக் கேட்டுவிட்டு மருந்துக்கடை வாசலில் ஒன்றும் பேசாமல் நிற்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பேயர் நிறுவனத்தின் நெக்ஸாவர், ஈரல் புற்றுக்கும் சிறுநீரகப் புற்றுக்கும் கொடுப்பது, மாதத்துக்குச் சுமார் 2,80,000 ரூபாயாக இருந்தது. 2012 மார்ச்சில் இந்தியாவின் காப்புரிமை அலுவலகம் நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமைக்காரரின் சம்மதம் இல்லாமலே அந்த மருந்தைத் தயாரிக்கும் அனுமதி, கொடுத்தது. விலை 8,880 ரூபாய். இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் வாங்காமல் திரும்பியவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். காப்புரிமை என்பது நாமே தெரிந்து கொடுக்கும் ஏகபோகம். 20 ஆண்டு அதை அனுபவிக்கலாம் என்ற நம்பிக்கையில்தான் ஒருவர் ஆராய்ச்சியில் பணம் போடுகிறார். அந்த வாதத்தை ஒதுக்க முடியாது. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் நோயாளியும் ஒரு தரப்பு, அவருக்கு மருந்து எட்டாத விலையில் இருந்தால் ஒப்பந்தம் மீறப்பட்டதாகவே நான் கொள்வேன். 2017 பிப்ரவரியில் இதயக்குழாயில் வைக்கும் ஸ்டென்ட்டுக்கு அரசு விலை உச்சவரம்பு வைத்ததும் இதே நோக்கில்தான்.

இவ்வளவு சொன்னபின், மொத்த நட்டம் எவ்வளவு என்று கேட்பீர்கள். 1954-ல் பொருளியலாளர் ஹார்பர்கர் அமெரிக்க ஆலைத் தொழிலுக்குக் கணக்குப் போட்டு, நாட்டு வருமானத்தில் பத்தில் ஒரு விழுக்காடு கூட இல்லை என்றார். இதற்கா இவ்வளவு சத்தம் என்று பலர் நினைத்தார்கள். 1967-ல் இன்னொரு பொருளியலாளர் டல்லக் ஒரு எளிய கேள்வி கேட்டார். 2250 ரூபாய் லாபம் தரும் இடம் ஒன்று இருக்கிறதென்றால், அதைப் பிடிக்கவும் காப்பாற்றவும் ஒருவர் எவ்வளவு செலவழிப்பார்? ஏறக்குறைய 2250 வரைக்கும் செலவழிக்கலாம். உரிமம் வாங்க அலைவது, அடுத்தவர் வராமல் தடுப்பது, ஆள் பிடிப்பது, வழக்கு நடத்துவது. இந்தச் செலவில் ஒரு பார் ஐஸ் கூடக் கூடுதலாக உறையாது. ஆக, பை மாறியதாக நாம் விட்டுவிட்ட பணத்திலும் பெரும்பகுதி வீணாகத்தான் போகிறது. நம் கணக்கின் 800 போல ஹார்பர்கர் அளந்த சின்ன நட்டத்தைவிட இது பெரிது. கரையில் இரண்டாவது ஐஸ் கம்பெனி ஏன் வருவதில்லை என்று விசாரித்துப் பார்த்தால் இந்தச் செலவின் முகம் தெரியும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1969-ன் ஏகபோகத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2002-ன் போட்டிச் சட்டத்தில், நான்காம் பிரிவு மேலாதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. பெரியவராக இருப்பது குற்றமில்லை, அதை வைத்து நியாயமற்ற விலை வைப்பதும் அடுத்தவர் வரும் வழியை அடைப்பதும் குற்றம். எது ஒரு சந்தை என்று முடிவு செய்யும்போது போக்குவரத்துச் செலவையும் பார்க்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. எங்கள் கரையின் ஐஸுக்கு அது அப்படியே பொருந்தும். வண்டி வாடகையும் உருகுவதும் சேர்ந்து அந்த ஒரு கரையைத் தனிச் சந்தை ஆக்கிவிடுகின்றன. ஆனால் இந்தச் சட்டத்தை நடத்த டெல்லியில் இருக்கும் போட்டி ஆணையத்துக்கு ஒரு கரையின் ஐஸ் விலையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்? சங்கம் தானே ஒரு ஐஸ் பிளான்ட் போடுவதுதான் எனக்குத் தெரிந்து கைக்கெட்டும் வழி. லாபத்துக்கு இல்லாமல் செலவுக்கு விற்கும் ஒருவர் கரையில் இருந்தாலே மற்றவர் 600 கேட்க முடியாது.

அன்று வெயில் ஏறுமுன் பெரியவர் திரும்பி வந்துவிட்டார். கொஞ்சம் சாளை, நாலைந்து அயிலை. வலையை உதறிக்கொண்டிருந்தவரிடம், எந்த விலைக்குக் கிடைத்தால் ஐஸ் எடுப்பீர்கள் என்று கேட்டேன். மண்ணெண்ணெய்க்கு இவ்வளவு, கூட வரும் பையனுக்கு இவ்வளவு என்று விரலில் எண்ணினார்.

"முந்நூறுன்னா யோசிக்கவே மாட்டேன் மக்களே. தெனமும் தூரம் போவேன்."